மாத்த ஆள்

ஜோசப்பின் மூன்றாவது தடவையாகக் கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய் ஜூலியஸின் முழங்காலுக்குப் பின்னால் வைத்தாள். சத்தம் கேட்கட்டும் என்றுதான் வைத்தாள். அவர் திரும்பவில்லை. சவப்பெட்டியின் தலைமாட்டில், இரண்டு கைகளையும் காற்சட்டைத் தையலோடு ஒட்டவைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி நின்றார். மண்டபத்தைத் திறந்தது இரண்டு மணிக்கு. இப்போது நாலரை.

பெட்டிக்குள் ஜெனாட் கிடந்தாள். ஜோசப்பினின் தங்கை, ஜூலியஸின் மனைவி. பதினெட்டு வருடங்கள் ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள். செவ்வாய்க்கிழமை குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றவள், கேத்திலைக் கவனமாக மேசையில் வைத்துவிட்டு விழுந்தாள். அவ்வளவுதான். ஐம்பத்தெட்டு என்ன சாகிற வயதா?

சனம் வரிசையாக வந்தது. ஜூலியஸிடம் நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டியைத் தொட்டுவிட்டுப் போனார்கள். "மனிசி செத்துக் கிடக்கிறா. இவர் குத்துக்கல்லு மாதிரி நிக்கிறார்" என்று இரண்டாம் வரிசையில் ஒருத்தி முணுமுணுத்தாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

ஜோசப்பினுக்கு அவர்மேல் பாவமும் வந்தது, கோபமும் வந்தது. கோபம் புதிதல்ல, ஆறு வருடக் கோபம். ஜூலியஸ் ரொறன்ரோவில் தீயணைப்பு வீரர். அதற்குள்ளும் இருபது வருடங்கள் மரியாதைக் காவல் அணியில் இருந்தவர். தீயணைப்பு வீரன் ஒருவன் எங்கே இறந்தாலும், கறுப்பு உடுப்பும் வெள்ளைக் கையுறையும் போட்டுக்கொண்டு அவன் பெட்டிக்குக் காவல் நிற்பார். அந்தக் கையுறைகளை ஜெனாட்தான் தோய்த்து, ஹீற்றருக்கு மேல் காயப்போட்டு, ஸ்திரி போட்டுக் கொடுப்பாள். போன மாதம்தான் ஓய்வு பெற்றார். விருந்தில் ஜெனாட், "இனி என்ரை மனிசன் எனக்குத்தான்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிச் சிரித்தாள். இருபத்தாறு நாட்கள்தான் அவளுக்குக் கிடைத்தன.

ஜோசப்பினின் கணவன் பஸ்ரியன் செத்தபோது பெட்டி தூக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. ஐந்து பேர் நின்றார்கள். ஆறாவது இடம் ஜூலியஸுக்கென்று வைத்திருந்தது. அவர் வேறொரு நகரத்தில், முகம்கூடத் தெரியாத ஒருவனுக்குக் காவல் நின்றார். ஆறாவது பிடியை மண்டபத்து வேலைக்காரன் பிடித்தான். இரவு ஜூலியஸ் வந்து, "மாத்த ஆள் வரேல்லை, மச்சாள்" என்றார். அதையும் ஒரு சாக்கென்று அவர் சொன்னதைத்தான் ஜோசப்பினால் மன்னிக்க முடியவில்லை.

ஜெனாட்டின் மகள் நதீஷா தண்ணீர்ப் போத்தலோடு வந்தாள்.

"உன்ரை அப்பாவை இருக்கச் சொல்லு பிள்ளை. முழங்கால் ஒப்பரேசன் செய்த மனுசன்."

"சொல்லிப் பாத்திட்டன், பெரியம்மா. அப்பா இப்ப டியூட்டியிலை நிக்கிறார். மாத்த ஆள் வந்து, நேர நிண்டு சல்யூட் அடிக்கும் வரைக்கும் காவலை விட்டு அசையேலாது. என்ன நடந்தாலும் ஏலாது. அதுதான் றூல்."

"அப்ப அவரின்ரை ஆக்கள் எங்கை?"

"வாறம் எண்டு கேட்டவை. அப்பாதான் வேண்டாம் எண்டிட்டார். அம்மா ஃபயர்ஃபைற்றர் இல்லையாம். அவவுக்கு அந்த மரியாதை இல்லையாம்."

"பிறகேன் தான் நிக்கிறார்?"

நதீஷா தகப்பனைப் பார்த்தாள். போத்தலின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

மாத்த ஆள். ஜோசப்பின் அந்தச் சொல்லை மனதுக்குள் இன்னொருமுறை சொல்லிப் பார்த்தாள். அன்றைக்கு அந்த மனுசன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். ஆறு வருடங்கள் அந்த ஒரு சொல்லை வைத்து அவரோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்துவிட்டாளே. இன்றைக்கும் வரப்போவதற்கு ஒருவருமில்லை. விட்டால் விழும்வரைக்கும் நிற்பார்.

"சல்யூட் எப்பிடி அடிக்கிறது?"

"பெரியம்மா?"

"சொல்லன் பிள்ளை."

"மெதுவா. ஏற மூண்டு செக்கன், இறங்க மூண்டு செக்கன்."

ஜோசப்பின் போய் ஜூலியஸுக்கு நேரே நின்றாள். ஒரு கையில் செபமாலை, தோளில் கைப்பை. பிறந்ததிலிருந்து ஒருவருக்கும் சல்யூட் அடித்தவளில்லை. வெறுமையாய் இருந்த கையை நெற்றிக்கு உயர்த்தினாள். வரிசையில் நின்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஜூலியஸின் கண் சுவரை விட்டு அவள் முகத்துக்கு வந்தது.

"வலக்கை, மச்சாள்" என்றார், உதடு அசையாமல்.

செபமாலையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு மறுபடி தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. அவருடைய கையும் ஏறியது. கையுறை இல்லாத வெறுங்கை. நெற்றியருகில் நின்றது. இரண்டு கைகளும் ஒன்றாக இறங்கின. அவர் ஓரடி பக்கத்தில் விலகினார்.

கம்பளத்தில் அவருடைய சப்பாத்துகள் பதிந்த இடம் பள்ளமாய்த் தெரிந்தது. அதில் காலை வைத்துச் சுவரைப் பார்த்து நின்றாள். பின்னால் கதிரை கிறீச்சிட்டது.  பிறகு, "ஜெனாட்" என்று ஒரு குரல் உடைந்தது.

திரும்பிப் பார்க்க மனம் அடித்துக்கொண்டது. காவல் நிற்பவர் திரும்பக் கூடாது. கைப்பை தோளிலிருந்து வழுகி முழங்கைக்கு வந்தது. அவள் அதை அப்படியே விட்டாள்.