நூற்று நாற்பதில் ஒரு கேள்வி

பல் டாக்டர் கேரேஜ் ஷட்டரை மேலே தள்ளினார். உள்ளே விற்பனைக்கு நின்ற காரைப் பார்த்ததும் எக்ஸ்ரேக்குப் பயம் பிடித்தது.

கார் அவ்வளவு நன்றாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன் என்பதால் ஊரே அவனை அப்படித்தான் கூப்பிடும். அந்த மாடல் புதிதாக வெளிவந்தபோது அதன் படத்தைப் பத்திரிகையிலிருந்து கிழித்து, அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவைத்தவன். இரண்டு கதவு, ஆறு சிலிண்டர், டர்போ, கையால் மாற்றும் கியர். பதினாறு வருடம் கழித்து அதே கார், அதே சாம்பல் கலந்த நீலத்தில், கைக்கெட்டும் தூரத்தில். மீட்டர் இருபத்தோராயிரம் கிலோமீட்டர் காட்டியது.

பதினாறு வருடத்தில் வெறும் இருபத்தோராயிரமா? காதில் பூச்சுற்றுகிறார்களா?

ஏற்கெனவே ஒருமுறை சுற்றியிருந்தார்கள். ஐந்து வருடத்துக்கு முன் அவன் ஆசை ஆசையாக வாங்கிய சிவப்புக் கார். மீட்டரில் நாற்பதாயிரம். உண்மையில் ஓடியது இரண்டு லட்சத்துக்கும் மேல். எட்டே மாதத்தில் இன்ஜின் கைவிரித்தது. அன்றைக்கு அவன் மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கப்புறம் சொந்தக்காரர்கள் நாலு பேர் கூடிய இடத்திலெல்லாம் சொன்னாள்.

"என்ன அத்தான், ஆபரேஷனுக்குத் தள்ளிட்டுப் போற பேஷண்ட் மாதிரி முழிக்கிறீங்க?"

கேட்டது மனைவியின் தம்பி. டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். துணைக்கு வந்திருந்தான். அவனுக்குப் பின்னால், காரைவிட்டுக் கண்ணை எடுக்காமல் எக்ஸ்ரேயின் பதின்மூன்று வயது மகள் நின்றாள். குட்டி. வீட்டில் அவனுடைய கார்ப் பைத்தியத்துக்கு இருக்கும் ஒரே கூட்டாளி.

"சும்மா இரு மாப்ள" என்றபடி அவன் பானெட்டில் உள்ளங்கையை வைத்தான். சில்லென்று இருந்தது. "காலையில ஸ்டார்ட் பண்ணலையே சார்?"

"நீங்கதான் போன்ல வேணாம்னு சொன்னீங்களே. தொடவே இல்ல" என்றார் டாக்டர்.

நல்லது. சூடான இன்ஜின் தன் சத்தங்களை ஒளித்துக்கொள்ளும். குளிர்ந்த இன்ஜினுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

சாவியைத் திருப்பினான். அரை நொடி உறுமி, பிறகு பட்டுத் துணியை இழுப்பது போல ஒரே சீராக ஓடியது. தட்டல் இல்லை, புகை இல்லை. அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தான். பெடல் ரப்பர் தேயவில்லை. சீட்டின் ஓரம் கசங்கவில்லை. கியர்க் குமிழில் எண்கள் அழியவில்லை. ஆனாலும் பயம் போகவில்லை. பெடல் ரப்பர் கடையில் கிடைக்கும். சீட்டுக்குப் புது உறை போடலாம். சிவப்புக் காரில் அதைத்தான் செய்திருந்தார்கள்.

கடைசியில் டார்ச்சை எடுத்துக்கொண்டு சிமெண்டுத் தரையில் மண்டியிட்டான்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும். முதல் இரண்டும் தயாரான வாரம், அடுத்த இரண்டும் வருடம். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் படித்தான். காரைத் தயாரித்த அதே வருடம். அடுத்த டயருக்குத் தவழ்ந்தான். அதே எண். மூன்றாவது, நான்காவது, அதே எண். சாலையைப் பிடிக்கும் ரப்பர்ப் பட்டன் நான்கிலும் முக்கால் உயரத்துக்கு மேல் நின்றது.

இரண்டு லட்சம் ஓடிய கார் ஐந்தாறு செட் டயரைத் தின்றிருக்கும். இதில் ஃபேக்டரியில் மாட்டிய முதல் செட்டே இன்னும் தேயவில்லை. மீட்டர் உண்மை. யாராலும் இப்படி ஒரு பொய்யை ஜோடிக்க முடியாது.

பயம் அப்படியே வடிந்தது.

"குட்டி, இங்க ஓடி வா! இந்த நம்பரப் படி. ஒரிஜினல் டயர்! இனிமே மீட்டர எவன் திருப்பினான்னு சொல்லட்டும் பாப்போம்!"

"டயருக்கு முத்தம் கித்தம் குடுத்துடாதீங்க அத்தான். அக்காகிட்ட சொல்லிடுவேன்."

டாக்டர் கொஞ்சம் சங்கடப்பட்டார். "போன வருஷமே மாத்தலாம்னு நினைச்சேன். பட்டன் அப்படியே இருக்கு, எதுக்குத் தூக்கிப் போடணும்னு விட்டுட்டேன்."

"மாத்தாம விட்டீங்களே, புண்ணியமாப் போச்சு சார். மாத்தியிருந்தா நான் வாங்கியே இருக்க மாட்டேன்."

சொன்னபோது அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

கையெழுத்துகள் முடிந்து புறப்பட்டபோது மதியம் ஒரு மணி. வீட்டுக்குத் தொண்ணூறு கிலோமீட்டர். முதல் பாதியை அவன் ஓட்டினான். வாத்தியார் பக்கத்தில், குட்டி பின் சீட்டில்.

ஆரம்பத்தில் சீட்டுக்கு அடியில் தடதடவென்று ஓர் அதிர்வு இருந்தது.

"என்ன அத்தான், மாட்டு வண்டி மாதிரி குலுக்குது?"

"ரொம்ப நாள் ஒரே இடத்துல நின்ன டயர். அடிப்பக்கம் தட்டையாயிருக்கும். சூடானா உருண்டையாயிடும், பாரேன்."

பத்து நிமிடத்தில் அதிர்வு அடங்கியது. தனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்பதில் அவனுக்கு ஒரு சின்னப் பெருமை. மூன்றாவது கியரில் அழுத்தினான். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு டர்போ விழித்து, முதுகை யாரோ இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளியது போல கார் பாய்ந்தது. பின்னால் குட்டி "அய்யோ அப்பா!" என்று கூவிச் சிரித்தாள். அலமாரிக் கதவுப் படத்தில் இந்தச் சத்தம் இருக்கவில்லை.

பெட்ரோல் பங்கில் வாத்தியார் கையை நீட்டினான். "சாவி. நியாயம்னு ஒண்ணு இருக்கு."

அவனைப் பார்த்தாலும் பாவமாகத்தான் இருந்தது. பதினெட்டு வருடமாக, முப்பதைத் தாண்டாத வண்டியில், கற்றுக்கொள்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மிதித்தே பிழைப்பவன். எக்ஸ்ரே சாவியைக் கொடுத்தான்.

அதற்கப்புறம் ஆறு தடச் சாலை. உச்சி வெயிலில் தார் பளபளத்தது. நூறு. நூற்றிருபது. வாத்தியார் உள் தடத்துக்கு ஏறினான். நூற்று நாற்பது.

"அப்பா" என்றாள் குட்டி பின்னாலிருந்து. "அப்போ இந்த டயர் என்னைவிட மூணு வயசு பெருசா?"

"ஆமாடா செல்லம். உனக்கு அக்கா."

வாத்தியார் சிரித்தான். குட்டி சிரிக்கவில்லை. யோசித்துக்கொண்டிருந்தாள்.

"ரப்பர் கெட்டுப்போகாதாப்பா? என் பழைய ஜாமெட்ரி பாக்ஸ்ல ஒரு அழிரப்பர் கிடந்துச்சு. புதுசு மாதிரியேதான் இருந்துச்சு. அழிச்சுப் பாத்தா கல்லு மாதிரி. பேப்பரையே கிழிச்சிடுச்சு."

எக்ஸ்ரே பதில் சொல்லத் திரும்பினான். திரும்பியவன் அவள் பெல்ட் மாட்டியிருக்கிறாளா என்று பார்த்தான்.



அவனுக்குத் தெரியும். ரப்பருக்கு ஆயுள் ஆறு வருடம். எவ்வளவு பத்திரமாக வைத்தாலும் பத்தைத் தாண்டினால் உள்ளுக்குள்ளேயே அடுக்குகளின் ஒட்டு விட்டுப்போகும், பட்டன் எவ்வளவு இருந்தாலும் சரி. போன மாதம்கூட ஆஸ்பத்திரி லேப் டெக்னீஷியனுக்கு இதையே அரைமணி நேரம் பாடம் நடத்தி, அவருடைய காருக்குப் புது டயர் போடவைத்திருந்தான். அந்த நான்கு இலக்கத்தை இன்று மண்டியிட்டு நான்கு முறை படித்தான். படித்துக் குதித்தான். மீட்டர் சரியா என்று மட்டும் அந்த எண்ணைக் கேட்டான். வேறு எதையும் கேட்கவில்லை.

பதினாறு வருடத்து டயரில், நூற்று நாற்பதில், மகள் பின் சீட்டில்.

"மாப்ள" என்றான். குரல் நடுங்கக் கூடாது. நடுங்கினால் வாத்தியார் பதறுவான். "கொஞ்சம் மெதுவாப் போலாமே."

"வயிறு எரியுதா அத்தான்? இப்பத்தான் டர்போ முழிக்குது."

"குட்டிக்குத் தலை சுத்துது."

"எனக்கு ஒண்ணும் சுத்தலையே" என்றாள் குட்டி.

அப்போதுதான் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. முதலில் சீட்டுக்கு அடியில் ஒரு ரீங்காரம். பிறகு, யாரோ விரல் நுனியால் தட்டுவது போல. டப் டப் டப் டப்.

"மறுபடி தட்டையாயிடுச்சா?" என்றான் வாத்தியார் விளையாட்டாக.

இல்லை. சூடான டயர் தட்டையாகாது. பின்னால் ஒரு டயரில் ஏதோ வீங்கிக்கொண்டிருக்கிறது. சுற்றுக்கு ஒரு முறை தார்ச் சாலையைத் தட்டுகிறது. எக்ஸ்ரே கண்ணாடியில் பார்த்தான். முதுகை ஒட்டினாற்போல் ஒரு வெள்ளை வேன். பக்கத்துத் தடத்தில் பெட்ரோல் டேங்கர்கள், வரிசையாக, முடிவே இல்லாமல்.

"மாப்ள, நான் சொல்றத மட்டும் கேளு. சிரிக்காத. ஆக்சிலேட்டர்ல இருந்து காலக் கொஞ்சம் கொஞ்சமா எடு. பிரேக்க மட்டும் தொடாத."

"ஏன்?"

"பின்னாடி டயர் பிரியுது."

வாத்தியாரின் சிரிப்பு துடைத்தது போல மறைந்தது. ஆக்சிலேட்டரிலிருந்து கால் விலகியது. விலகிய கால் நேராக பிரேக்குக்குப் போனது.

பதினெட்டு வருடத்துக் கால். ஆபத்து என்றால் அதற்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான்.

"வேணாம்! பிரேக் வேணாம்! மிதிச்சா பின்பக்கம் சுத்திடும்!"

"கால் கேக்க மாட்டேங்குது அத்தான்!"

செருப்பு நுனி பெடலுக்கு ஓர் அங்குலம் மேலே நின்று நடுங்கியது. எக்ஸ்ரே அந்த ஒரு அங்குலத்தையே பார்த்தான். மீட்டர் நூற்று முப்பது. டப் டப் இப்போது தட் தட் ஆகிவிட்டது. பின்னால் வேன் ஹார்ன் அடித்தது.

"காலக் கீழ வை. தரையில வை. பெடல் பக்கமே வேணாம். ரெண்டு கையாலயும் ஸ்டீயரிங்க நேராப் பிடி. நேரா. அவ்வளவுதான் உன் வேலை. குட்டி, முதுக சீட்டோட ஒட்டி உக்காரு. பெல்ட்டப் பிடிச்சுக்கோ."

"அப்பா, என்னப்பா—"

உரிந்தது.

டயரின் மேல்தோல் மொத்தமாகக் கழன்று, இரும்புக் கம்பியால் தகரத்தை அடிப்பது போலப் பின் சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவைச் சாத்தியது. காரின் பின்பக்கம் ஒரு முழம் நழுவியது. ஒரு டேங்கரின் சக்கரங்கள் ஜன்னல் முழுக்க நிறைந்தன. குட்டி கத்தினாள். வாத்தியாரின் கால் மறுபடி எழுந்தது.

"தரையில! தரையில வை!"

கால் இறங்கியது. கை ஸ்டீயரிங்கை நேராகவே பிடித்திருந்தது. பின்பக்கம் இன்னொரு தடவை ஆடி, நேராகியது. நூற்றுப் பத்து. தொண்ணூற்றைந்து. டேங்கர்க்காரன் கண்ணாடியில் பார்த்துவிட்டான் போலிருக்கிறது. வேகத்தைக் குறைத்து இடம் விட்டான். வேன் எப்போதோ பின்வாங்கியிருந்தது.

"இப்ப ஓரத்துக்கு. மெதுவா. இன்னும் மெதுவா. பச்சைப் புள்ளயத் தொட்டில்ல விடுற மாதிரி."

எழுபது. ஐம்பது. தோல் போன டயர் கிழிந்து, சக்கரத்தின் இரும்பு தாரைச் சுரண்டிக்கொண்டு அலறியது. முப்பது. பத்து. ஓரத்துத் தடுப்புக் கம்பிக்கு ஒரு சாண் முன்னால் கார் நின்றது.

இன்ஜின் மட்டும், எதுவுமே நடக்காதது போல, சீராக ஓடிக்கொண்டிருந்தது. எக்ஸ்ரே கையை நீட்டிச் சாவியைத் திருப்பினான்.

மூவரும் தடுப்புக் கம்பியைத் தாண்டி அந்தப் பக்கம் நின்றார்கள். வாத்தியார் புல்லில் உட்கார்ந்தான். வலது கால் தனியாக உதறிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்தான்.

"என் சர்வீஸ்ல... பிரேக் போடாம நிறுத்தின முதல் வண்டி இதான் அத்தான்" என்றான். சிரிக்க முயன்றான்.

குட்டி அப்பாவின் சட்டை ஓரத்தைப் பிடித்தவள் விடவில்லை. ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் அந்தப் பிடி இறுகியது.

எக்ஸ்ரே கம்பிக்கு மேலாகக் குனிந்து பார்த்தான். பின் சக்கரத்தில் வெறும் கம்பி நார் தொங்கிப் புகைந்தது. பக்கத்தில் முன் டயர் முழுசாக இருந்தது. பட்டன்களுக்கு நடுவே மயிரிழை வெடிப்புகள், பட்டப் பகலில், டார்ச்சே இல்லாமல் தெரிந்தன. ஒரு நாளைக்கு நாற்பது பேரின் எலும்பில் மயிரிழை வெடிப்பைத் தேடிச் சம்பளம் வாங்குபவன் அவன்.

"அத்தான்" என்றான் வாத்தியார் தாழ்ந்த குரலில். "அக்காகிட்ட பஞ்சர்னு சொல்லிடலாம். அதுக்கு மேல ஒண்ணும் வேணாம். தெரிஞ்சா தாங்க மாட்டா."

குட்டி தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள்.

அவன் போனை எடுத்தான். முதல் மணியிலேயே மனைவி எடுத்தாள்.

"கிளம்பியாச்சா? மீட்டரு கீட்டரு எல்லாம் சரியாப் பாத்தீங்களா? போன தடவை மாதிரி—"

"மீட்டர் சரிதான். கொஞ்சம் கேளு. பின் டயர் பிரிஞ்சிடுச்சு. நூத்தி நாப்பதுல. மூணு பேருக்கும் ஒண்ணும் ஆகல. ஒரு கீறல்கூட இல்ல."

அவள் ஏதோ கேட்க வந்தாள். அவன் நிறுத்தவில்லை.

"டயர் பதினாறு வருஷத்துது. அது எனக்குத் தெரியும். நம்பரப் பாத்தேன். பாத்துட்டு சந்தோஷப்பட்டேன். தெரிஞ்சேதான் புள்ளய அதுல ஏத்தினேன்."

ஒரு லாரி போனது. இன்னொன்று போனது. தடுப்புக் கம்பி கையடியில் அதிர்ந்து அடங்கியது. மனைவி திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

"அவகிட்ட போனக் குடுங்க" என்றாள்.

நீட்டினான். குட்டி அவன் சட்டையை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் போனை வாங்கிக் காதில் வைத்தாள். முதுகைத் திருப்பிக்கொண்டு, கம்பி ஓரமாகப் பத்தடி தள்ளிப் போனாள்.

"அம்மா" என்றாள். அதற்கப்புறம்தான் அழுதாள்.

அவன் அவளைக் கூப்பிட வாயெடுத்தான். கூப்பிடப் பயமாக இருந்தது.