குறை பார்த்துச் சொல்லப்படும்

லிஃப்ட் மெக்கானிக் சமையலறைத் தொட்டிக்கு அடியில் தலையை விட்டு மல்லாந்து கிடந்தார். வெளியே தெரிந்தது தொப்பையும் இரண்டு கால்களும்தான். புரோக்கரம்மா கைப்பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு நின்றாள். அவருக்கு அவள் காட்டும் ஐம்பத்தெட்டாவது வீடு அது.

ஆறு வருஷம். இந்த ஆறு வருஷத்தில் அவள் மூன்று செல்போன் மாற்றிவிட்டாள். முட்டிவலிக்கு இரண்டு டாக்டர்களைப் பார்த்துவிட்டாள். நூறு குடும்பங்களுக்கு மேல் வீடு முடித்துக் கொடுத்துவிட்டாள். இந்த ஒரு மனுஷனைத்தான் எந்த வாசலுக்குள்ளும் தள்ள முடியவில்லை.

"மேடம், ஈரம் இருக்கு" என்றது தொட்டிக்கு அடியிலிருந்து குரல்.

"தொட்டிக்கு அடியில ஈரம் இல்லாம நெருப்பா இருக்கும்?"

"இது பழைய ஈரம்."

ஈரத்தில் பழசு புதுசு உண்டு என்று அவளுக்கு இவர் சொல்லித்தான் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அவருடைய மனைவி உள்ளேயே வரவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் பத்து வீடுகளில் அறை அறையாக ஓடி, இங்கே கட்டில், அங்கே பீரோ என்று கையாலேயே இடம் போட்டவள் அவள். இருபத்தைந்தைத் தாண்டியதும் வாசலோடு நின்றாள். இப்போதெல்லாம் செருப்பைக்கூடக் கழற்றுவதில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வாரத்தில் ஆறு நாள் அவள் ஊரார் கையில் ஊசி குத்துகிறாள், ஏழாம் நாள் புருஷன் அவளைக் குத்துகிறார் என்று புரோக்கரம்மா நினைத்துக்கொள்வாள்.

மெக்கானிக் எழுந்து வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டிச் சுத்தியலை எடுத்துச் சுவரில் டொக் டொக்கென்று தட்டினார். காதை வைத்துக் கேட்டார். நோட்டில் எழுதினார். பிறகு வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்.

"இன்னும் ஆறு மாசம் பொறுப்போம் மேடம். விலை இறங்கும்."

"முதல் வீட்டுலயும் இதையேதான் சொன்னீங்க சார். அந்த வீடு இன்னிக்கு ரெண்டு மடங்கு விலை. தெரியுமா உங்களுக்கு?"

"அந்த வீட்டுல படிக்கட்டு ஒசரம் சரியில்ல."

"அதுல குடியிருக்கிறவங்க ஆறு வருஷமா ஏறி இறங்கிக்கிட்டுத்தான் இருக்காங்க!"

மாடிப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "அக்கா, வீடு மட்டும்னு நினைக்காதீங்க. சொந்தத் தொழிலும் இப்படித்தான். இஸ்திரிக் கடை போடுறேன்னாரு. சைக்கிள் வாடகைக்கு விடுறேன்னாரு. வீட்டுக்கு வீடு போய்த் தண்ணி வடிகட்டி சுத்தம் பண்ணித் தர்றேன்னாரு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பக்கம் எழுதி வச்சிருக்காரு. என்ன எழுதியிருக்காரு கேளுங்க."

"என்ன?"

"ஏன் ஓடாதுன்னு."

மெக்கானிக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அவரிடம் இன்னும் எரிச்சலான விஷயம். "வீடு வாங்கிட்டா தொழிலுக்கு முதல் இருக்காது. தொழில்ல போட்டுட்டா வீட்டுக்கு இருக்காது. ரெண்டையும் ஆற அமர யோசிக்கணுமில்ல?" என்றார்.

புரோக்கரம்மாவுக்கு எங்கிருந்து அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ! சாவிக்கொத்தை மேடையில் வீசினாள்.

"சார், நீங்க வீடு வாங்க வரல. குறை கண்டுபிடிக்க வர்றீங்க. அதுல உங்களுக்கு ஒரு ருசி. இதையே கூலிக்குச் செஞ்சீங்கன்னா இந்நேரம் பங்களா வாங்கியிருப்பீங்க!"

மெக்கானிக் சுத்தியலைப் பையில் போடப் போனவர் அப்படியே நின்றார்.

"எவ்வளவு கொடுப்பாங்க?" என்றார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம். மூன்று வாரத்தில் அவர் ஒரு சீட்டு அச்சடித்துவிட்டார். 'வீடு வாங்குமுன் குறை பார்த்துச் சொல்லப்படும். ஞாயிறு மட்டும்.' கீழே போன் நம்பர். இந்தத் தொழிலுக்கு மட்டும் 'ஏன் ஓடாது' என்று அவரால் ஒரு வரிகூட எழுத முடியவில்லையாம். மனைவி போன் பண்ணிச் சொன்னாள்.

புரோக்கரம்மா முதலில் சிரித்தாள். சனியன் விட்டது, இனி ஞாயிற்றுக்கிழமை காலை நீட்டிப் படுக்கலாம் என்று நினைத்தாள். சிரிப்பு ஒரு மாசம்கூட நிற்கவில்லை.

ஒரு பேக்கரிக்காரர், கையில் முன்பணத்தோடு வந்தவர், "ஒருத்தரை வச்சுப் பார்த்துட்டுச் சொல்றேம்மா" என்று போனார். போனவர் போனவர்தான். அடுத்தது அக்கா தங்கை இரண்டு டீச்சர்கள். அவர்களுக்கு மாடி ஃபிளாட் ஒன்றைப் பேசிப் பேசி, உரிமையாளரை அரை மனசாக இறங்க வைத்து, நாளும் குறித்தாயிற்று. முந்தின நாள் பெரிய டீச்சர் ஒரு தாளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். முத்து முத்தான கையெழுத்து. புரோக்கரம்மாவுக்கு அந்தக் கையெழுத்தை நன்றாகத் தெரியும். மொத்தம் முப்பத்தொரு குறை.

மூன்றாவது வியாபாரமும் முறிந்த அன்று அவள் நேரே மெக்கானிக் வேலை செய்யும் இடத்துக்கே போனாள். ஏழு மாடி அலுவலகக் கட்டடம். அவர் உச்சியில், லிஃப்டின் மோட்டார் அறையில் இருந்தார். அவர் பழுது பார்த்துக்கொண்டிருந்ததால் லிஃப்ட் ஓடவில்லை. ஏழு மாடியும் அவள் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். ஒவ்வொரு மாடிக்கும் ஒரு வசவு சேர்த்து வைத்துக்கொண்டாள். மேலே போய்ச் சேர்ந்தபோது மூச்சு இரைத்ததில் எல்லாம் மறந்துபோனது.

"ஏன் மேடம், போன் பண்ணியிருக்கலாமே" என்று அவர் ஒரு பெட்டியைத் துடைத்துப் போட்டார். கை முழுக்க கிரீஸ்.

"என் வயித்துல அடிக்கிறீங்களே சார், நியாயமா? யோசனை சொன்னதே நான்தான். வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதையாப் போச்சு!"

"டீச்சரம்மா வீட்டுல கூரைக் கம்பி துருப்பிடிச்சிருக்கு மேடம். பூச்சு வெடிச்சிருக்கு. தலையில விழும்."

"சரி, அது ஒண்ணு. மீதி முப்பது?"

"கதவு கிறீச்சுங்குது. ஜன்னல் கொக்கி ஒண்ணு இல்ல. குழாய் ஆடுது..."

"கூரை விழுறதும் கதவு கிறீச்சுங்கிறதும் ஒண்ணா? ரெண்டுக்கும் ஒரே மாதிரி நம்பர் போட்டு எழுதினா, படிக்கிறவங்க பயந்து ஓடாம என்ன செய்வாங்க?"

அவர் தடித்த இரும்புக் கயிறுகள் சக்கரத்தில் சுற்றிக் கீழே இறங்குவதைக் காட்டினார். "எங்க வேலையில ஒரு குறை இருந்தாலும் நிறுத்திப்புடணும் மேடம். சின்னது பெருசு கிடையாது. இருபத்தாறு வருஷமா இதுதான் பழக்கம். ஒரு தடவை, கூட வேலை பார்த்தவர் ஒருத்தர் சின்னதுதானேன்னு விட்டுட்டாரு. உள்ள ரெண்டு பேர் இருந்தாங்க."

புரோக்கரம்மாவின் குரல் கொஞ்சம் தணிந்தது. ஆனாலும் வந்த காரியம் வந்த காரியம்தான்.

"அது லிஃப்ட் சார். வீடு என்ன கயித்துலயா தொங்குது? அது பாட்டுக்குத் தரையில உட்கார்ந்திருக்கு. ஒழுகினா அடைக்கலாம், ஆடினா முடுக்கலாம். உள்ள இருந்துக்கிட்டே செய்யலாம்."

அவர் துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் இறங்கும்போது லிஃப்டை ஓடவிட்டுக் கொடுத்தார். அந்த மட்டில் லாபம்.

சில வாரம் கழித்துப் பெரிய டீச்சர் திரும்பி வந்தாள். கையில் புதுத் தாள். மெக்கானிக் தானாகவே கூப்பிட்டு, பழையதை வாங்கிக்கொண்டு இதைக் கொடுத்தாராம். இரண்டு பத்தி போட்டிருந்தார். 'நிறுத்தவேண்டியவை', 'குடியிருந்துகொண்டே சரிசெய்யக்கூடியவை'. முதல் பத்தியில் ஒன்றே ஒன்று, கூரை. அதற்கு ஆகும் செலவையும் எழுதியிருந்தார். அந்தத் தொகையை விலையில் குறைத்துக் கேட்டார்கள். உரிமையாளர் குதியோ குதியென்று குதித்துவிட்டுச் சம்மதித்தார். வியாபாரம் முடிந்தது.

அதன்பிறகு புரோக்கரம்மாவிடம் வருகிறவர்கள், "அந்தச் சுத்தியல்காரர் பார்த்துட்டாராம்மா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவள் உள்ளுக்குள் புகைந்துகொண்டே "பார்த்துட்டாரு" என்பாள்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டு வேளையில் மெக்கானிக்கின் மனைவி தனியாக அவளுடைய ஆபீசுக்கு வந்தாள். வேலைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, இருபத்து மூணாவது வீடு ஞாபகம் இருக்கா?"

எப்படி மறக்கும்? ஒரு சந்தின் கடைசியில் இரண்டு படுக்கையறை வீடு. இவள் அன்று அடுப்படி ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் நின்றாள். குளியலறைத் தரை தண்ணீர் போகும் ஓட்டைக்கு எதிர்ப்பக்கம் சரிகிறது என்று அவர் வேண்டாமென்றுவிட்டார்.

"அது மறுபடி விலைக்கு வந்திருக்குன்னு சந்து முனையில போர்டு பார்த்தேன். நான் வாங்கப்போறேன். என் சேமிப்பு இருக்கு. என் சம்பளத்துக்குக் கடன் தர்றேன்னு பேங்க்ல எழுதியே கொடுத்துட்டாங்க. நாலு வருஷமா தினம் அந்த வழியாத்தான் பஸ்ல போறேன்."

'உடனே வாங்குங்க, இந்த நேரத்தை விட்டா வராது' என்று ஆயிரம் பேரிடம் சொன்ன வாய் புரோக்கரம்மாவுடையது. இப்போது அந்த வாய் வரவில்லை.

"அவர்கிட்ட ஒரு வார்த்தை..."

"சொன்னா என்ன சொல்வாருன்னு உங்களுக்குத் தெரியாதா? ஆறு மாசம் பொறுப்போம்பாரு. எனக்கு நாற்பத்தாறு வயசு அக்கா. இன்னும் எத்தனை ஆறு மாசம் என்கிட்ட இருக்கு?" கண்ணில் தண்ணீர் இல்லை, குரலில் வெறும் அலுப்புத்தான். "ஆனா நல்லா விசாரிக்காமலும் வாங்க மாட்டேன். நீங்க அவருக்குப் போன் பண்ணுங்க. வாடிக்கையாளர் ஒருத்தர், குறை பார்த்துச் சொல்லணும்னு சொல்லுங்க. அவர் வாங்குற கூலியை நான் கொடுத்துடுறேன்."

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் வந்தார். இருபத்து மூணாவது வீடு என்று வாசலிலேயே கண்டுபிடித்துவிட்டார். இரண்டு மணி நேரம் தட்டினார், முகர்ந்தார், குளியலறையில் ஒரு கோலிக்குண்டை உருட்டிவிட்டு அது போகும் வழியைப் பார்த்தார். புரோக்கரம்மா ஜன்னல் கட்டையில் உட்கார்ந்து கொட்டாவி விட்டாள். கடைசியில் தாளைக் கிழித்துக் கொடுத்தார். முதல் பத்தி காலி. இரண்டாவதில் பத்தொன்பது.

"வாங்கச் சொல்லுங்க மேடம். நல்ல வீடு. அஸ்திவாரம் கல்லு மாதிரி."

"இதே வீட்டை அன்னிக்கு வேணாம்னீங்களே சார்!"

"அது எனக்கு. இது அடுத்தவங்களுக்கு." சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் தடுமாறினார். "குளியலறையை உடைச்சுப் போட்டா நாலு நாள் வேலை. அதைப் போய் ஒரு குறைன்னு... சரி, யாரு வாங்குறாங்க?"

"உங்க வீட்டம்மா."

சந்தில் யாரோ பைக்கை உதைத்துக் கிளப்பும் சத்தம் கேட்டது. மெக்கானிக்கின் கை அந்தத் தாளை நோக்கி மெல்ல நீண்டது.

"அப்போ... இன்னொரு தடவை பார்த்துடுறேன் மேடம். அந்தப் பின்சுவரை நான் சரியா..."

"கையை எடுங்க!" புரோக்கரம்மா தாளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு கத்தினாள். ஆறு வருஷத்துக் கத்தலும் அதில் இருந்தது. "கையெழுத்துப் போட்டிருக்கீங்க. தேதி போட்டிருக்கீங்க. ஊரான் வீட்டுப் பொண்டாட்டின்னா வாங்கலாம், உங்க பொண்டாட்டின்னா வாங்கக் கூடாதா? அவ கேட்டது அந்த ஜன்னலை. நீங்க ஆறு வருஷமா அவளை மாடிப்படியில உட்கார வச்சிருக்கீங்க!"

சந்து முனையில் காத்திருந்த மனைவி அதற்குள் உள்ளே வந்துவிட்டாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்திருந்தாள். கூலியை எண்ணி அவர் கையில் கொடுத்தாள். அவர் பணத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"தப்பாப் போச்சுன்னா என்ன பண்றது? திருப்பிக் கொடுக்க முடியாதே" என்றார். சின்னக் குரல்.

"தப்பாப் போனா நான் பார்த்துக்கிறேன். நீங்க என்னோட வந்து இருக்கீங்களா இல்லையா, அதைச் சொல்லுங்க."

அவர் அடுப்படிக்குப் போய் ஜன்னலைத் திறந்து மூடினார். திறந்தார். "கீல்ல எண்ணெய் விடணும்" என்றார். அவருடைய அகராதியில் அது சம்மதம்.

பத்திரம் பதிவாகி மூன்றாம் வாரம், சனிக்கிழமை சாயங்காலம் புரோக்கரம்மா கடைசிக் காகிதத்தைக் கொடுக்கப் போனாள். குளியலறைத் தரையை நாலே நாளில் முடிக்கிறேன் என்று அவரே உடைத்துப்போட்டு இருபது நாளாகியிருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்து வீட்டில் போய்க் குளிக்கிறார்கள். கொத்தனாரைக் கூப்பிடலாம் என்று மனைவி சொல்ல, வருகிற ஒவ்வொரு கொத்தனாரிடமும் அவர் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியிருந்தார்.

"எப்படிம்மா இருக்கே?" என்று கேட்டாள் புரோக்கரம்மா.

"தினம் ஒரு சண்டை அக்கா" என்றாள் அவள். நாற்காலி இன்னும் வரவில்லை. பிரிக்காத பெட்டி ஒன்றைத் தள்ளிக் கொடுத்துவிட்டு, டீ போட அடுப்படிக்குப் போனாள்.

புரோக்கரம்மா பெட்டியில் உட்கார்ந்து முட்டியை நீவிக்கொண்டாள். குளியலறையிலிருந்து டொக் டொக்கென்று சத்தம் வந்தது. "சார், நாளைக்கு ரெண்டு வீடு பார்க்கணும், மறந்துடாதீங்க!" என்று அந்தப் பக்கமாகக் குரல் கொடுத்தாள்.

"நாளைக்குக் கொத்தனார் வர்றாரு மேடம்" என்றது குளியலறை.

"வரட்டும். நீங்க இல்லாதப்போ வந்தாத்தான் வேலை நடக்கும்!" என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது.