பால் பவுடர் வந்த துண்டு

ஒலி அந்த இடத்தில் நின்றுவிட்டது. ரூபினி காலடியில் இருந்த பெடலை மிதித்துப் பின்னால் கொண்டுபோய் மறுபடியும் கேட்டாள். களைத்துப்போன ஓர் ஆண் குரல் ஆங்கிலத்தில் சொன்னது: பால் பவுடர் விஷயத்தில் நாங்கள் கொஞ்சம் இறங்கி வரலாம், ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை. அவ்வளவுதான். யாரோ கோப்பைக்குள் கரண்டியைப் போட்ட சத்தத்தோடு ஒலித்துண்டு முடிந்தது. அவள் திருத்தியதைச் சேமித்ததும் திரையில் அடுத்த துண்டு தானாக வந்து உட்கார்ந்தது. அது ஏதோ பல் மருத்துவர்களின் மாநாடு.

ஹெப்பகோடியில் ஒரு மருந்துக் கம்பெனிக்குப் பின்னால் இருந்த கட்டிடத்தின் நாலாவது மாடியில் அந்த அலுவலகம் இருந்தது. எங்கெங்கோ நடக்கிற கூட்டங்களின் பேச்சை எழுத்தாக்கிக் கொடுப்பது அதன் தொழில். இயந்திரம் முதலில் எழுதிவிடும். அது செய்த தப்புகளைக் கேட்டுத் திருத்த ஆட்கள் வேண்டும். ரகசியக் கூட்டம் என்றால் ஒலியை மூன்று மூன்று நிமிடமாக நறுக்கிக் கலைத்துப்போட்டு, யார் கை காலியோ அவருக்கு அனுப்புவார்கள். ஒருவருக்கு வந்ததன் தொடர்ச்சி அவருக்கே வராது. ஆட்களின் பெயரும் நாடுகளின் பெயரும் வரும் இடங்களில் ‘பீப்’ என்று ஒரு சத்தம் மட்டும் இருக்கும். பேனா, காகிதம் உள்ளே கூடாது. போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். கேட்டதைப் பற்றி வெளியில் மட்டுமல்ல, தங்களுக்குள்ளும் பேசக் கூடாது என்று வேலையில் சேர்ந்த அன்றே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ரூபினிக்கு அது சிரமமாக இருந்ததே இல்லை. கப்பல் காப்பீடு, பசை உற்பத்தி, முதலீட்டாளர் சந்திப்பு என்று காதுக்குள் வந்துபோன எதிலும் அவளுக்குத் தெரிந்த ஒரு மனுஷரும் இருந்ததில்லை.

இந்தத் துண்டில் அம்மா இருந்தாள். பெயராக இல்லை. முதல் நிமிடத்தில் எதிர்த்தரப்புப் பெண் ஒருத்தி, உங்கள் மாநில அரசுகள் பால் ஊற்றுகிறவர்களுக்கு லிட்டருக்கு இவ்வளவு என்று கொடுக்கிற ஊக்கத்தொகையை எந்தக் கணக்கில் சேர்ப்பது, அதுவும் மானியம்தானே, விலையைக் கெடுக்கிறதுதானே என்று கேட்டாள். அந்தக் களைத்த ஆண் பொறுமையாகப் பதில் சொன்னார். ஒரு மாடு, இரண்டு மாடு வைத்திருக்கிற பெண்கள், அவர்களுக்கு அது வயிற்றுப்பாடு என்றார். எந்த நாட்டுக்காரர் என்பதைப் பீப் சத்தம் மறைத்திருந்தது. ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் அவர் ‘ஒன்லி’ போட்டுப் பேசியதை எந்தச் சத்தமும் மறைக்கவில்லை. அவர் நம் ஆள். அவர்தான் கடைசியில் பால் பவுடரில் இறங்கி வரலாம், அதாவது வெளிநாட்டுப் பவுடரை உள்ளே விடலாம் என்றவர்.

காலையில் ஆனேக்கல்லில், பால் சொசைட்டி வரிசையில் கேனோடு நின்றபடி அம்மா சொன்னது ரூபினிக்கு அப்படியே ஞாபகம் இருந்தது. “வேலைய விடறேன்னு இன்னிக்கு எழுதிக் குடுத்துடறேன் ரூபி. சாயங்காலம் கையெழுத்துப் போட்டா ஆச்சு. நாளைக்கு லட்சுமம்மா ரெண்டு மாட்டயும் டெம்போல ஏத்தி அனுப்பிடுவா.” அம்மா பாஞ்சாலி பொம்மசந்திரா கார்மென்ட்ஸில் காலர் தைக்கிறவள். அப்பா போன பிறகு அந்தத் தையல் மெஷின்தான் வீட்டை நடத்தியது. மணிக்கு இத்தனை காலர் என்று சூப்பர்வைசர் பலகையில் எழுதுவான், குறைந்தால் மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். பாத்ரூம் போவதற்கு டோக்கன். கொட்டாயில் இருந்த ஒரே மாடு ஒழுங்காகக் கறந்ததில் அம்மாவுக்குத் தைரியம் வந்திருந்தது. பக்கத்து வீட்டு லட்சுமம்மா நிலத்தை வீட்டுமனை போடுகிற லேஅவுட்காரனுக்குக் கொடுத்துவிட்டு அபார்ட்மென்டுக்குப் போகிறாள், அவளுடைய இரண்டு சீமை மாடுகளையும் வாங்கிக்கொண்டால் இனி மெஷின் வேண்டாம். பி.எஃப். பணம் அதற்குத்தான். ஒரு தடவை வேலையை விட்டுவிட்டால் அந்த வயதில் எந்த கார்மென்ட்ஸும் திரும்பச் சேர்த்துக்கொள்ளாது என்பது அம்மாவுக்கும் தெரியும், ரூபினிக்கும் தெரியும்.

பல் மருத்துவர் ஒருவர் ஈறுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவரை அவர் பாட்டுக்குப் பேச விட்டு ரூபினியின் விரல்கள் நின்றிருந்தன. என்ன நிபந்தனை? எதிர்த்தரப்பு ஒப்புக்கொள்ளவே முடியாத நிபந்தனையாக இருந்தால் அம்மா மாடு வாங்கலாம். சின்ன நிபந்தனையாக இருந்தால் கூடாது. பதில் இந்த அறையில்தான் எங்கோ இருந்தது. நாற்பது தலைகளில் ஏதோ ஒன்றின் காதுக்குள் அது இந்நேரம் ஓடி முடிந்திருக்கும்.

சாப்பாட்டு நேரத்தில் கில்பர்ட்டின் எதிரில் போய் உட்கார்ந்தாள். கில்பர்ட் லிங்கராஜபுரத்துக்காரன். சிவாஜிநகர் வழியாக இரண்டு பஸ் மாறி வருகிறவன். டப்பாவில் இருந்த போட்டி வறுவலைப் பார்த்துக்கொண்டே, “இன்னா ரூபி, மூஞ்சி சர்வர் டவுன் ஆன மாதிரி இருக்கு,” என்றான்.

“உனக்கு இன்னிக்குக் காலைல பால் பத்தி ஏதாவது வந்துச்சா?”

அவன் மெல்லுவதை நிறுத்தினான். மேலே கேமராவைப் பார்த்தான். பிறகு டப்பாவைப் பார்த்துப் பேசினான். “ஏம்மா, உனக்கு வேலை பிடிக்கலேன்னா நீ மட்டும் போ. என்னையும் ஏன் கூட்டிக்கினு போற?”

“எங்கம்மா இன்னிக்கு வேலைய விடப்போறாங்க கில்பர்ட். மாடு வாங்கறதுக்கு.”

அவன் டப்பாவை மூடினான். “எனக்கு வந்தது கூட்டம் முடியற இடம். எல்லாரும் தேங்க்யூ, தேங்க்யூ. ஒருத்தன் ஃப்ளைட் எத்தனை மணிக்குன்னு கேக்கறான், இன்னொருத்தன் இங்க நல்ல பிரியாணி எங்க கிடைக்கும்னு கேக்கறான். சத்தியமா அவ்ளோதான். பாலும் இல்ல, பவுடரும் இல்ல.”

“பவுடர்னு நான் சொல்லவே இல்லையே.”

“ஐயோ மாதாவே!” என்று நெற்றியில் அடித்துக்கொண்டான். “சரி, இயந்திரம் மேல ஒரு தலைப்பு போடும்ல, அதுல பாத்தேன். டென்ஷன் மாட்பேடா, பயப்படாத. இவனுங்க பத்து வருஷம் இதையே பேசுவானுங்க. கையெழுத்து ஆகறதுக்குள்ள உங்கம்மா மாடு கொள்ளுப்பேத்தி பாத்துடும்.”

அவன் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அந்தக் களைத்த குரல் அவளை விடவில்லை. பத்து வருடம் பேசப்போகிறவரின் குரலாக அது இல்லை. ஊருக்குக் கிளம்பப்போகிறவரின் குரலாக இருந்தது.

இருக்கைக்குத் திரும்பியதும் அவள் அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தாள். முடித்த துண்டுகளின் வரிசையில் அதை மறுபடி திறந்து, கடைசி வாக்கியத்தில் ஒரு வார்த்தையைத் ‘தெளிவில்லை’ என்று குறித்தாள். அப்படிக் குறித்தால் பக்கத்துத் துண்டிலிருந்து பத்து விநாடி கேட்பதற்குக் கொடுப்பார்கள். உண்மையில் காது கேட்காத இடங்களுக்காக வைத்த வழி அது. கோரிக்கை போய், சின்ன வட்டம் ஒன்று திரையில் சுற்றியது. பச்சையானது. அவள் ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள்.

வந்தது துண்டுக்கு முன்னால் இருந்த பத்து விநாடி. பின்னால் வருவதை யாருக்கும் கொடுப்பதில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதே களைத்த குரல் சொல்லிக்கொண்டிருந்தது: எங்கள் கணினி ஆட்களுக்கு, அலுவலகச் சேவைகளுக்கு உங்கள் சந்தையைத் திறந்துவிடுங்கள், அது எங்களுக்கு முக்கியம், அது கிடைத்தால் பண்ணைப் பொருட்களைப் பற்றிப் பேசலாம். உடனே அந்தப் பெண்ணின் குரல், அது நடக்கும் என்றது. யோசிக்காமல், சாதாரணமாக, கடையில் சில்லறை இருக்கிறதா என்று கேட்டவருக்குச் சொல்வதுபோல. நிபந்தனை இதுதான் என்றால் அது சின்ன நிபந்தனை.

ரூபினி நிமிர்ந்தாள். வரிசை வரிசையாக ஹெட்போன் மாட்டிய தலைகள். ஏ.சி.யின் குளிர். சுவரில், அலுவலகம் வெளிநாட்டு வாடிக்கையாளர்களை இரட்டிப்பாக்கப் போவதாகச் சொல்லும் சுவரொட்டி.

“ரூபினி, ஒரு நிமிஷம்.”

டீம் லீடர் ஷ்ரேயாஸ் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தான். மல்லேஸ்வரத்துப் பையன். யாரிடமும் குரல் உயர்த்த மாட்டான். அதனாலேயே எல்லோருக்கும் அவனிடம் பயம்.

“அந்தத் துண்டுல எந்த வார்த்தை கேக்கல?”

“பக்கத்துல யாரோ இருமினாங்க சார்.”

அவன் அவளுடைய ஹெட்போனை வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டு பெடலை ஷூ நுனியால் மிதித்தான். முழுத் துண்டையும் கேட்டான். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் எதுவும் மாறவில்லை. ஹெட்போனைக் கழற்றி, வயரைச் சுருட்டி மேஜையில் வைத்தான்.

“இருமலே இல்லையே.”

அவள் சுருட்டிய வயரைப் பார்த்தாள்.

“இந்த க்ளையன்டுக்கு எல்லா ரிக்வெஸ்ட்டும் ரிப்போர்ட்ல போகும். யார் கேட்டா, எதுக்குக் கேட்டான்னு நான் எழுதணும். என்ன எழுதட்டும்?”

“எனக்கு இப்ப வீட்டுக்குப் போகணும் சார். அம்மாவப் பாக்கணும்.”

கேட்டதற்கு அது பதில் இல்லை என்பது இருவருக்கும் தெரிந்தது. அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். “போயிட்டு வா. திங்கக்கிழமை வந்ததும் சிஸ்டத்த ஆன் பண்ணாத. நேரா என்கிட்ட வா,” என்றான்.

லாக்கரில் இருந்து போனை எடுத்து மாடிப்படியிலேயே அம்மாவைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கார்மென்ட்ஸிலும் போனை லாக்கரில்தான் பூட்டுவார்கள். அவள் ரோட்டுக்கு ஓடினாள். பஸ் வருகிற மாதிரி தெரியவில்லை. ஷேர் ஆட்டோவில், ஷிஃப்ட் முடிந்து வந்த யாருடைய பையோ மடியில் இடிக்க உட்கார்ந்துகொண்டாள். மேம்பாலத்துக்கடியில் லாரிகள் அசையாமல் நின்றன. என்ன சொல்லப்போகிறோம் என்று யோசித்தாள். சொன்னால், வெளியே யாரிடமும் பேசவில்லை என்று திங்கட்கிழமை ஷ்ரேயாஸிடம் சொல்ல முடியாமல் போய்விடும். சொல்லாமல் வேலையை விடாதே என்று மட்டும் சொன்னால் அம்மா கேட்க மாட்டாள். காரணம் கேட்காமல் எதையும் ஒப்புக்கொள்கிற பெண்பிள்ளை இல்லை அவள்.

கேட்டில் இருந்த செக்யூரிட்டியிடம், பாஞ்சாலி, காலர் செக்‌ஷன், வீட்டில் அவசரம் என்றாள். அவர் உள்ளே போன் செய்தார். அம்மா மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கிவிட்டபடி வேகமாக வந்தாள். தலையிலும் புருவத்திலும் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தது.

“இன்னாடி? மாடு கட்டவுத்துக்கிச்சா?”

“இல்லம்மா. கையெழுத்துப் போட்டுட்டியா?”

“மத்தியானம் எழுதிக் குடுத்தேன். ஆபீஸ்ல ஐயா இல்ல. இப்பதான் வந்தாரு, உள்ள புக்கத் தொறந்து வெச்சுக்கினு ஒக்காந்திருக்காரு. ஏன்?”

“போடாதம்மா.”

அம்மா அவளை ஓரமாக, காம்பவுண்டுச் சுவர் நிழலுக்கு இழுத்தாள். “யாரு என்னா சொன்னாங்க? லட்சுமம்மா வெல ஏத்திட்டாளா?”

“வெளிநாட்டுப் பால் பவுடர் வரப்போகுது. வந்தா சொசைட்டில நம்ம பாலுக்கு விலை நிக்காது.”

“உனக்கு யாரு சொன்னா?”

“கேட்டேன்.”

“எங்க?”

ரூபினி செக்யூரிட்டியைப் பார்த்தாள். அவர் தன் போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். “ஆபீஸ்ல. சொல்லக் கூடாதும்மா. என் வேலை போயிடும்.”

“எப்ப வருதாம்?”

“தெரியாது.”

“எவ்ளோ?”

“தெரியாது.”

“முடிவாவது ஆயிடுச்சா?”

“அதுவும் தெரியாதும்மா. பேசறாங்க. எனக்கு நடுவுல கொஞ்சம்தான் கேட்டுச்சு.”

“நல்லாத்தான் கேட்டே போ!” என்றாள் அம்மா. கோபம் இல்லை. புருவத்தில் இருந்த பஞ்சைப் பிய்த்து ஊதினாள். லட்சுமம்மாவிடம் மாட்டுக்கும், கசாப்புக்காரனிடம் காளைக்கன்றுக்கும் பேரம் பேசியவள். ரூபினி எதிர்பார்க்காத இடத்திலிருந்து அடுத்த கேள்வி வந்தது. “யாரும் சும்மா எறங்க மாட்டாங்களே. பால உட்டுக் குடுத்துட்டு நம்மாளுங்க என்னாத்த வாங்கிக்கறாங்க?”

ரூபினி தெரியாது என்று இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம்.

“வேலை. கம்ப்யூட்டர் வேலை. எங்க ஆபீஸ் மாதிரி ஆபீஸுங்களுக்கு.”

அம்மா அவளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். உள்ளே நீளமாக மணி அடித்தது. மெஷின்களின் இரைச்சல் வரிசை வரிசையாக அடங்கி, நூற்றுக்கணக்கான செருப்புகளின் சத்தம் தொடங்கியது.

“அப்ப பேரம் நம்ம ஊட்டுக்குள்ளயே நடக்குதுன்னு சொல்லு,” என்றாள். லேசாகச் சிரித்தாள். பிறகு சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. “உன் பேச்சக் கேட்டா மெஷினு. கேக்காட்டி மாடு. அங்க நம்ம பக்கம் பேசறவனுக்கு எங்கள மாதிரி ஆளுங்க ஞாபகம் இருந்துச்சா?”

“இருந்துச்சும்மா. ஒரு மாடு, ரெண்டு மாடு வெச்சிருக்கற பொம்பளைங்கன்னு சொன்னாரு. வயித்துப்பாடுன்னாரு.”

“சொல்லிட்டும் எறங்கிட்டானா?”

ரூபினி ஆமாம் என்று தலையசைத்தாள்.

முதல் வரிசைப் பெண்கள் பைகளைத் திறந்து காட்டியபடி கேட்டுக்கு வந்துவிட்டார்கள். யாரோ ஒருத்தி, “பாஞ்சாலக்கா, நாளைல இருந்து நீ மொதலாளி, எங்கள மறந்துடாத!” என்று கத்தினாள். அம்மா அவளுக்குக் கையை ஆட்டினாள். பிறகு கழுத்தில் இருந்த மாஸ்க்கை மறுபடியும் மூக்குக்கு ஏற்றிக்கொண்டாள்.

“இங்கயே நில்லு. ஐயா கெளம்பிடுவாரு.”

“என்னம்மா பண்ணப்போற? கையெழுத்துப் போடப்போறியா?”

அம்மா அதற்குள் கேட்டைத் தாண்டியிருந்தாள். மாஸ்க்குக்குள்ளிருந்து அவள் ஏதாவது சொன்னாளா என்பது செருப்புச் சத்தத்தில் கேட்கவில்லை. வீட்டுக்குப் போகிற அவசரத்தில் பெண்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வெளியே கொட்டினார்கள். ரூபினி கேட்டின் கம்பியைப் பிடித்து நுனிக்காலில் எம்பிப் பார்த்தாள். அம்மாவின் தலை தெரியவில்லை. அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஓர் ஆள் அகலத்துக்கு வழி ஒன்று திறந்து திறந்து மூடியபடி உள்ளே போய்க்கொண்டிருந்தது.