அம்மாவின் கணுக்காலில் அக்காவின் பட்டை

அக்காவுக்கு நடப்பது என்றாலே வேப்பங்காய். கட்டிலில் கவிழ்ந்து படுத்துக் கதைப்புத்தகம் படிப்பதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே விளையாட்டு. குடிக்கிற தண்ணீரைக்கூட என்னை ஏவித்தான் குடிப்பாள். அம்மா அவளை மகாராணி என்றுதான் கூப்பிடுவாள். அப்படிப்பட்டவளின் கையில் போய்ப் பள்ளிக்கூடத்தில் நடக்கிற அடிகளை எண்ணும் பட்டையைக் கட்டிவிட்டார்கள். இரண்டு வகுப்பு கீழே இருந்த எனக்குக் கிடைக்கவில்லை. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்றும் முழுசாக ஆறவில்லை.

கறுப்பு ரப்பரில், பார்க்கக் கைக்கடிகாரம் போலவே இருக்கும். அன்றைய இலக்கைத் தொட்டுவிட்டால் உர்ரென்று துடிக்கும். இலக்கை அவரவரே வைத்துக்கொள்ளலாம் என்றார் பி.டி. டீச்சர். ஆனால் ஒரு வாரம் முழுக்க அதை எட்டிவிட்டால் திங்கட்கிழமை அது கொஞ்சம் ஏறும். விளையாட்டுச் சாமான் அறையின் சுவரில் எல்லோர் பெயரும் ஒட்டியிருந்தது. எட்டியவர் பெயர் மேலே போகும், விட்டவர் பெயர் கீழே வரும். முதல் வாரமே அக்கா அடிமட்டத்துக்கு வந்துவிட்டாள்.

"என் மானமே போச்சு" என்று தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அப்போதும் எழுந்து நடக்கவில்லை.

அம்மா வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். முன்னறை ஜன்னலோரம் அவளுடைய மிதி மிஷின். அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் பாடம் படித்தோம், சண்டை போட்டோம், தூங்கினோம். மேலும் கீழுமாகப் போய்வரும் அம்மாவின் காலைப் பார்த்தபடி படுத்திருந்த மகாராணிக்கு ஒருநாள் மூளை வேலை செய்தது.

"அம்மா, இதைக் கொஞ்சம் கால்ல கட்டிக்கோயேன்."

"எதுக்குடி?"

"ஸ்கூல்ல குடுத்த வேலைம்மா. இது துடிக்கிற வரைக்கும் கட்டியிருக்கணும்."

"உங்க டீச்சருக்கு வேற பொழப்பே இல்லையா?" என்று முணுமுணுத்துக்கொண்டே அம்மா காலை நீட்டினாள்.

மறுவாரம் அக்காவின் பெயர் ஏறியது. அதற்கடுத்த வாரம் எல்லோருக்கும் மேலே போய் உட்கார்ந்தது. டீச்சர் அவளை வரிசைக்கு முன்னால் நிறுத்தி, எப்படிச் சாதித்தாய் என்று சொல்லச் சொன்னாராம். "மனசு வெச்சா போதும் மிஸ்" என்றாளாம். இதை அவளே வீட்டில் பெருமையாகச் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நேரா டீச்சர்கிட்ட போய்ச் சொல்லிடுவேன்" என்று மிரட்டினேன். அன்றுதான் அவள் முதல் தடவையாகத் தன் தண்ணீரைத் தானே எடுத்துக் குடித்தாள்.

ஆனால் திங்கட்கிழமைகள் வந்துகொண்டே இருந்தன. இலக்கும் ஏறிக்கொண்டே போனது. அம்மாவிடம் வந்த துணியோ அதே அளவுதான். உச்சியில் இருப்பவள் இறங்கினால் ஊரே கேட்குமே என்று அக்காவுக்குப் பயம். ராத்திரி அம்மா முழங்காலில் தைலம் தேய்த்துக்கொள்வாள். வயசாகிறது என்பாள். நாங்களும் நம்பினோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடைக்குப் போய்விட்டு வந்தேன். வாசலிலேயே மிஷின் சத்தம் கேட்டது. உள்ளே அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு மிதித்துக்கொண்டிருந்தாள். ஊசியில் நூல் இல்லை. அதன் கீழே துணியும் இல்லை.

"என்னம்மா பண்ற?"

"துணியெல்லாம் காலையிலயே முடிஞ்சுது. இது இன்னும் துடிக்கல. உங்கக்காவுக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்குபோல." நிறுத்தாமலே சொன்னாள்.

கட்டிலில் புத்தகம் மூடும் சத்தம் கேட்டது. அக்கா வந்து கொஞ்ச நேரம் அம்மாவின் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தரையில் உட்கார்ந்து பட்டையைக் கழற்றினாள். பட்டை இருந்த இடம் சிவந்து கன்றிப்போயிருந்தது. அக்கா பட்டையைத் தன் கையில் கட்டிக்கொண்டு, அந்த வெயிலில் தெருவில் இறங்கி நடந்தாள்.

"இவளுக்கு என்னடி ஆச்சு?" என்றாள் அம்மா.

மறுநாள் டீச்சரிடம் அக்காவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். டீச்சர் அவள் பெயரைப் பிய்த்துச் சுவரின் அடியில் ஒட்டினார். "இப்ப உன் காலுக்கு எது முடியுமோ அதை இலக்கா வை" என்றாராம். அது வகுப்பிலேயே சின்ன இலக்கு. சாயங்காலம் அவள் அம்மாவையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனாள், நானும் ஒட்டிக்கொண்டேன். பாதி சுற்றிலேயே அக்காவுக்கு மூச்சு வாங்கியது. அம்மா சிரித்த சிரிப்பில் மைதானத்தில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அப்படிச் சிரித்து அதற்குமுன் நாங்கள் கேட்டதில்லை. அந்த வருஷம் முழுக்க மூன்று பேரும் நடந்தோம். அக்காவின் பெயர் சுவரின் பாதியைக்கூடத் தாண்டவில்லை.

அம்மா போய்விட்டாள். மிஷின் என் வீட்டில்தான் இருக்கிறது. இப்போது என் கையிலும் ஒரு பட்டை இருக்கிறது, நானே காசு கொடுத்து வாங்கியது. சில சாயங்காலம், இன்னும் கொஞ்சம் பாக்கி என்று அது காட்டும்போது, மிஷின் முன்னால் உட்கார்ந்து சும்மா மிதிப்பேன். கையில் கட்டியிருப்பதால் அதில் ஒன்றும் ஏறாது. ஏறவேண்டும் என்று நான் மிதிப்பதுமில்லை. அந்தச் சத்தம் எனக்கு வேண்டியிருக்கிறது.