கடைசி இரண்டு அத்தியாயங்கள்

நூலகத்தின் சிறுவர் பிரிவில் ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் நான் எழுதிய சின்ன அட்டை ஒன்று இருக்கும். எந்த வயதுக்கு, ஏன் படிக்கலாம் என்று நாலு வரி. பேசும் நரி மரப்படகில் போகும் அந்த மாயக் கதைக்கு மட்டும் அட்டையின் இரண்டு பக்கமும் நிரம்பியிருந்தது. பத்து வயதில் நான் எட்டு முறை படித்த புத்தகம்.

நாங்கள் 'வாலு' என்று கூப்பிடும் சிறுமி அதை என் மேசைக்குக் கொண்டுவந்தாள். அவள் அம்மா அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் இருந்தார்.

“அங்கிள், இதுல யாராவது செத்துப்போவாங்களா?”

“ஒருத்தரும் சாக மாட்டாங்க. நரி பத்திரமா வீட்டுக்குப் போயிடும்.”

“அம்மாவுக்குப் படிச்சுக் காட்டப் போறேன். அதான் கேட்டேன். சத்தியமா?”

“சத்தியமா. எனக்கு அந்தக் கதை மனப்பாடம்.”

நாலு நாள் கழித்து, கிழிந்த புத்தகங்களை ஒட்டும் அக்கா அதே கதையின் இன்னொரு பிரதிக்குப் பசை தடவியபடி என்னைப் பார்த்தார்.

“படுபாவிங்க, நரியைச் சாகடிச்சுட்டாங்களேப்பா!”

“எந்த நரி?”

“உன் நரிதான். ஊருக்கெல்லாம் சிபாரிசு பண்ணிட்டு என்னைக் கேக்கறியா?”

வாங்கிப் பார்த்தேன். இருபத்தோரு அத்தியாயங்கள். சிறுவயதில் நான் படித்த எங்கள் வீட்டுப் பிரதி பழைய பேப்பர் கடையிலிருந்து பின்னட்டை இல்லாமல் வந்தது. அதில் பத்தொன்பதோடு சரி. கரையில் விளக்கு தெரியும், படகு திரும்பும். மீதியை நானே மனதுக்குள் முடித்துக்கொண்டு, இத்தனை வருடமும் படித்ததாகவே நம்பியிருக்கிறேன். அக்கா ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தார்.

அன்று மாலை பார்வையாளர் நேரத்தில் மருத்துவமனைக்குப் போனேன். வார்டு வாசலில் வாலு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“தப்பாச் சொல்லிட்டேன்மா. கடைசி ரெண்டு அத்தியாயத்தை நான் படிச்சதே இல்ல.”

“தெரியும். நேத்தே கடைசிப் பக்கத்தைப் பாத்துட்டேன்.”

“அழுதியா?”

“பாத்ரூம்ல.” பாட்டிலை மூடினாள். “இப்ப நிறுத்தினா அம்மா ஏன்னு கேப்பாங்க. அதான் மாத்தி எழுதி வெச்சிருக்கேன்.”

புத்தகத்துக்குள்ளிருந்து நோட்டுத் தாள்கள் இரண்டை எடுத்தாள். பென்சில் எழுத்து. அழித்து அழித்து ஓரிடத்தில் தாள் கிழிந்திருந்தது.

“நரி வீட்டுக்கு வந்துடுச்சு. வந்து என்ன பண்ணும்? அதுதான் எழுத வரல. நீங்க சொல்லுங்க.”

நான் யோசித்தேன். எட்டு முறை படித்தவனுக்கு ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை.

“சரி விடுங்க. தூங்கிடுச்சுன்னு படிச்சுடறேன். அம்மாகிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க.”

உள்ளே கட்டிலிலிருந்து குரல் வந்தது. “யாருடி அங்க?”

“லைப்ரரி அங்கிள்மா! சும்மா பாத்துட்டுப் போக வந்தாரு.”

நான் கதவருகே போய் நின்றேன். அவர் தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார முயன்றார்.

“நல்ல புத்தகமா எடுத்துக் குடுத்தீங்க, சார். ஆபரேஷன் நாளைக்கு. அந்த நினைப்பே வராம பாத்துக்கறா இவ.”

வாலு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் அம்மாவிடம் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.