திரும்பிப் போகக் கூடாது

மருந்துக்கடை அக்காவுக்கு அந்தப் பொறுப்பைக் கொடுத்தது நகராட்சி. ஆனால் ஆள் இவள்தான் என்று கை காட்டியது தெரு. காடு தொடங்கும் இடத்தில் போய் முடிகிற தெரு அது. கோடையில் புல் காய்ந்து, காற்று மலையிலிருந்து இறங்கத் தொடங்கினால் துணி காயப்போடும்போதே புகை வாசனை வரும். தெருவுக்கு ஒருவர் முன்நின்று, காட்டுத்தீ வந்தால் எல்லோரையும் பத்திரமாக வெளியேற்ற ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. யாருக்கு முட்டி மடங்காது, யாருக்கு மூச்சு வாங்கும், யார் மாத்திரை போட்டுக்கொண்டு பட்டப்பகலில் அடித்துப் போட்டதுபோல் தூங்குவார்கள் என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும் என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள்.

அவளும் ஏனோதானோ என்று செய்யவில்லை. வீடு வீடாக ஏறி இறங்கினாள். கூரையில் சேர்ந்திருந்த சருகை அள்ள வைத்தாள். சுவரை ஒட்டி அடுக்கியிருந்த விறகையும் பழைய மரச்சாமான்களையும் தள்ளி வைக்கச் சொன்னாள். வேலியோரப் புதர்களை வெட்டினார்கள். வண்டி இல்லாத வீட்டை வண்டி இருக்கும் வீட்டோடு சேர்த்துவிட்டாள். ஒரே காரில் ஏற மாட்டோம் என்று முறைத்துக்கொண்டிருந்த இரண்டு வீட்டுக்காரர்களிடம், "இப்ப ஏறுங்க, கீழ போய் இறங்கினதும் சண்டையை விட்ட இடத்துலேர்ந்து தொடருங்க" என்றாள். எல்லோரும் பள்ளிக்கூட மைதானத்தில் கூட வேண்டும் என்பது ஏற்பாடு. அவள் திரும்பத் திரும்பச் சொன்ன விதி ஒன்றுதான். வெளியே வந்தவர்கள் எதற்காகவும், யாருக்காகவும் திரும்பிப் போகக் கூடாது.

"தங்கச்சி சொன்னா நெருப்பே வரிசையில நின்னுதான் வரும்" என்பார் பேக்கரிக்காரர்.

தெருமுனையில் பேக்கரி வைத்திருந்தவர் அவர். கூடப் பிறந்த அண்ணன் இல்லை. அக்காவும் அவள் கணவரும் இந்தத் தெருவுக்குக் குடி வந்த அன்று, பாத்திரம் பண்டம் எல்லாம் வாசலில் கிடக்க, சூடான ரொட்டியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அன்றைக்கே அண்ணனாகிவிட்டவர். அவர் மனைவி அண்ணியானாள். அக்காவின் கணவர் அவருக்கு மாப்ளையானார்.

அந்தக் கணவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். சில வருஷங்களாக ஞாபகம் அவரைவிட்டுக் கழன்றுகொண்டிருந்தது. மனைவியைத் தெரியும், பேக்கரிக்காரரைத் தெரியும், அண்ணியைத் தெரியும். சற்றுமுன் சொன்னது மட்டும் தங்காது. ஆனால் கேரம் போர்டின் முன்னால் உட்கார்த்தி வைத்தால் விரல்கள் எதையும் மறந்திருக்கவில்லை. சாயங்காலம் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, கை முழுக்க மாவு வாசனையோடு பேக்கரிக்காரர் வருவார். இரண்டு பேரும் ஆடுவார்கள். "மச்சான், நீ கள்ளாட்டம் ஆடுற" என்பார் மெக்கானிக். "நீதான் மறந்துடுவியே மாப்ள, ஆடினா என்ன" என்பார் இவர். மெக்கானிக் விழுந்து விழுந்து சிரிப்பார்.

முதல் ஒத்திகையில் மெக்கானிக் வீட்டைவிட்டு நகரவே இல்லை. நெருப்பு என்றார்கள், எங்கே என்று கேட்டார். ஒத்திகை என்றார்கள், அப்படியென்றால் நான் ஏன் வர வேண்டும் என்றார். மனைவி கெஞ்சிப் பார்த்தாள். பேக்கரிக்காரர் உள்ளே வந்து, "மாப்ள, ஒரு இடத்துல லிஃப்ட் மாட்டிக்கிச்சு. உள்ள ஆள் இருக்கு" என்றார். மெக்கானிக் மறுபேச்சில்லாமல் எழுந்து செருப்பைத் தேடினார்.

அதனால்தான் அவரைப் பேக்கரிக்காரரின் வண்டியோடு சேர்த்தாள். கதவு கதவாகத் தட்ட வேண்டியவள் அவள். புருஷனைப் பார்த்துக்கொள்ள அண்ணன் இருக்கிறார்.

தீ ஒரு மத்தியான வேளையில் வந்தது. அபாயச் சங்கு ஊதும்போதே வானம் செங்கல் நிறமாகியிருந்தது. பேக்கரிக்காரரின் ரொட்டி வண்டி வாசலில் நின்றது. முன்சீட்டில் அண்ணியும் மெக்கானிக்கும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள்.

"நீயும் ஏறு தங்கச்சி."

"மேல் சந்து பாக்கி இருக்குண்ணே. முடிச்சுட்டு வந்துடுறேன்."

ஜன்னல் வழியாகக் கணவரின் கையைத் தொட்டு, "பின்னாடியே வர்றேங்க" என்றாள்.

மேல் சந்தில் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த ஒரு தபால்காரர் இருந்தார். அவரை மெத்தையோடு தூக்கிக் காரில் ஏற்றுவதற்குள் நேரமாகிவிட்டது. அதற்குள் நெருப்பு பெரிய ரோட்டை நெருங்கியிருந்தது. அதற்கும் அவள் மாற்று வழி யோசித்து வைத்திருந்தாள். கல்குவாரிப் பாதையில் வண்டியைத் திருப்பி, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு குளிர்பதனக் கிடங்கின் முற்றத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். செல்போன் கோபுரம் எரிந்துபோனதால் யாரையும் கூப்பிட முடியவில்லை. முற்றத்துக் குழாயில் முகம் கழுவி, வயிறு முட்டத் தண்ணீர் குடித்தாள். ஒரு வீடு பாக்கி இல்லை. நினைத்தது நினைத்தபடி நடந்துவிட்டது என்று அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

அந்த நேரத்தில் பள்ளிக்கூட மைதானத்தில் நடந்ததை அண்ணி பிறகு சொன்னாள்.

"அவ எங்க மச்சான்?" என்று மெக்கானிக் கேட்டிருக்கிறார்.

"வருவா மாப்ள."

"வீட்டுல இருக்கா. நீ போய்க் கூட்டிட்டு வா."

"அவ வேற வண்டில வர்றா."

சற்று நேரம் சும்மா இருப்பார். பிறகு, "அவ எங்க மச்சான்?" என்பார். ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்கிற அதே பதைப்பு. வந்து சேர்ந்தவர்களையெல்லாம் பேக்கரிக்காரர் விசாரித்தார். மேல் சந்துக்குப் போனாள் என்பதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. மெக்கானிக் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார். "வீட்டுல தனியா இருக்கா மச்சான்."

பேக்கரிக்காரர் அந்தக் கையை மெல்லப் பிரித்து அண்ணியின் கையில் கொடுத்தார். "பிடிச்சுக்க. எட்டிப் பார்த்துட்டு வந்துடுறேன்" என்றார். ரோட்டை அடைப்பதற்குக் கொஞ்சம் முன்னால் வண்டி வெளியே போனது.

மறுநாள் மலைரோட்டு வளைவில், எரிந்துபோன வண்டிக்குள் அவரைக் கண்டெடுத்தார்கள். வண்டியின் முகப்பு கீழ்நோக்கி இருந்தது. வீடுவரை போயிருக்கிறார். உள்ளே யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்திருக்கிறார்.

தெருவில் வீடு எதுவும் மிஞ்சவில்லை. விளையாட்டரங்கத்துக்குப் பின்னால் வரிசையாகத் தகர அறைகள் போட்டுக் கொடுத்தார்கள். அக்காவுக்கும் அண்ணிக்கும் அடுத்தடுத்த அறை. அக்காவுக்கு டவுனில் வேறொருவர் மருந்துக்கடையில் வேலை கிடைத்தது. காலையில் போவதற்கு முன் அண்ணிக்குச் சாப்பாடு கொண்டுபோய் வைப்பாள். இழப்பீட்டு அலுவலகத்துக்குக் கூடப் போவாள். துணி துவைத்துக் காயப்போடுவாள். செய்ய எதுவும் இல்லாவிட்டால் அந்த அறையில் அவளால் நிற்க முடியாது.

மெக்கானிக் தினமும் கேட்டார். "மச்சான் எங்க, வரலையா?" அவள், "கடையில வேலையா இருக்காருங்க" என்பாள். அவர் தலையாட்டிவிட்டு, யாரோ தானமாகக் கொடுத்த கேரம் போர்டைத் துடைப்பார்.

கொஞ்ச நாளாக அவர் உடம்பில் என்னவோ மாற்றம். சாப்பாட்டைத் தொடுவதில்லை. கட்டிலுக்கடியில் குனிந்து பார்ப்பார், கதவுக்குப் பின்னால் பார்ப்பார். "என்னத்தைத் தேடுறீங்க?" என்றால், "தெரியல. என்னத்தையோ தொலைச்சுட்டேன்" என்று நெஞ்சைத் தடவுவார். அவள் மாத்திரையை மாற்றிப் பார்த்தாள்.

ஒருநாள் கடைக்குச் சரக்கு வராததால் மத்தியானமே திரும்பினாள். அறைக்குள்ளிருந்து அழுகைக் குரல் கேட்டது. அண்ணியும் மெக்கானிக்கும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணியின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார். "எப்படிம்மா போனான், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம எப்படிப் போனான் தங்கச்சி" என்று கேட்டுக் கேட்டு அழுதார்.

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அண்ணியைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள்.

"இது எத்தனை நாளா நடக்குது அண்ணி?"

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நீ வேலைக்குப் போனதும் வருவேன். மச்சான் எங்கன்னு கேட்பார். சொல்லிடுவேன்."

"தினமுமா?"

"தினமும்தான்."

"அவர் கேட்டதுனாலதான் அண்ணன் போனாரு. அதுக்காக அவரை இப்படி வதைக்கிறீங்களா? அவருக்கு விஷயம் மறந்துடும் அண்ணி, ஆனா வலி உள்ளயே கிடக்கு. சோறு இறங்கல. எதையோ காணோம்னு அறையெல்லாம் தேடுறாரு."

அண்ணி அவளைப் பார்த்தாள். கோபத்தைவிட அசதிதான் அந்தப் பார்வையில் இருந்தது.

"வதைக்கிறேன்னா நினைச்ச? என் பிள்ளைங்க போன்ல, தைரியமா இரும்மாங்குது. பக்கத்து ரூம்ல, காலம் ஆத்திடுங்குறாங்க. எல்லாரும் அழுது முடிச்சு எழுந்து போயிட்டாங்க. அவர் செத்தாருன்னு சொன்னா, இந்த உலகத்துல உன் வீட்டுக்காரர் ஒருத்தர்தான், என்னமோ அவர் இன்னைக்குத்தான் செத்தார்ங்கிற மாதிரி அழுறார். எனக்கும் தினமும் இன்னைக்குத்தான்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "நீ சாப்பாடு கொண்டு வர்ற. துணி துவைக்கிற. ஒரு நாளாவது என் பக்கத்துல உக்காந்து அழுதியா?"

உங்கள் புருஷன் என்னைத் தேடித்தான் போனார், நான் எந்த முகத்தோடு அழுவேன் என்று நினைத்தபடி அக்கா கொடியில் கிடந்த அண்ணியின் துணியை எடுத்து மடித்தாள். அதை அண்ணி வேறுமாதிரி எடுத்துக்கொண்டாள். தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன்பிறகு வரவில்லை. சாப்பாட்டுப் பாத்திரம் மட்டும் கழுவி வாசலில் இருக்கும்.

மெக்கானிக் மெல்லச் சாப்பிடத் தொடங்கினார். அது அக்காவுக்கு நிம்மதியாகவும் இருந்தது, அந்த நிம்மதி குற்றமாகவும் இருந்தது.

அடுத்த கோடைக்கு முன் விளையாட்டரங்கத்தில் கூட்டம் போட்டார்கள். மற்ற தெருக்காரர்களும் வந்திருந்தார்கள். நகராட்சி அதிகாரி மேடையேறி, தயார்நிலை என்றால் இந்தத் தெருவைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். "ஒருத்தரைத் தவிர எல்லாரும் உயிரோட இருக்காங்க" என்றார். சிலர் கை தட்டினார்கள். தட்டியவர்கள் அண்ணி எழுந்ததைப் பார்த்து நிறுத்தினார்கள்.

"திரும்பிப் போகக் கூடாதுன்னு அவருக்கும் தெரியும். கடைக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் அவரே சொல்லுவார்" என்றாள். "ஆனா ஒரு மனுஷன் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு, அவ எங்க, அவ எங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தா என்ன பதில் சொல்றதுன்னு யாரும் எங்களுக்குச் சொல்லித் தரல. அதைச் சொல்லிக் கொடுங்க."

அதிகாரி தண்ணீர் குடித்தார். அக்கா எழுந்தாள்.

"பதில் என்கிட்டதான் இருந்துச்சு அண்ணி. மலைக்கு அந்தப் பக்கம் பத்திரமா உக்காந்திருந்தேன். அதை இந்தப் பக்கம் சொல்லி அனுப்ப ஒரு வழி வச்சிருக்கணும். போன் வேலை செய்யும்னு நம்பிட்டேன். எல்லாத்தையும் யோசிச்ச எனக்கு அது தோணல."

யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை போலிருந்தது. மைதானத்திலும் கிடங்கிலும் ஆளுக்கொரு வாக்கி டாக்கி வைப்பது, வந்து சேர்ந்தவர்கள் பெயரை உடனுக்குடன் இரண்டு பக்கமும் அறிவிப்பது என்று அன்றே முடிவானது. அதற்கு யாரும் பெரிதாக யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கடையில் கிடைக்கிற சாதாரணப் பொருள். அறைக்கு நடந்து வரும்போது அதுதான் அவளை அறுத்தது.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் அண்ணி வாசலில் வந்து நின்றாள். மெக்கானிக் போர்டில் காய்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வா தங்கச்சி. மச்சான் எங்க?"

அடுப்படியில் நின்ற அக்கா கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். அண்ணி உண்மையைச் சொல்லட்டும் என்றுதான் அவளுக்கு இருந்தது. இன்றைக்கு ஒருநாள் அழட்டும், இவர் ஒரு வேளை பட்டினி கிடந்தால் கிடக்கட்டும். அண்ணியைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தாள்.

அண்ணி அதைப் பார்த்தாள்.

"மாவு பிசைஞ்சுக்கிட்டு இருக்கார் அண்ணே" என்றாள். "வந்துடுவார்."

"அவன் என்னைக்கு நேரத்துக்கு வந்தான். நீ உக்காரு. அவன் வர்ற வரைக்கும் நீ ஆடு."

அண்ணி வாழ்நாளில் கேரம் தொட்டதில்லை. உட்கார்ந்தாள். ஸ்ட்ரைக்கர் எதன்மேலும் படாமல் எதிர்ச்சட்டத்தில் மோதித் திரும்பியது. மெக்கானிக் சிரித்தார். "இவனுக்கு வாக்கப்பட்டு இதைக்கூடக் கத்துக்கலையே" என்றார். நடுவில் இரண்டு மூன்று தடவை அதே கேள்வியைக் கேட்டார். அண்ணி ஒருமுறை அடுப்பு பற்ற வைக்கிறார் என்றாள். ஒருமுறை ரொட்டி எடுத்துக்கொண்டிருக்கிறார் என்றாள். ஒருமுறை, கை கழுவிக்கொண்டிருக்கிறார், கிளம்பிவிட்டார் என்றாள்.

ஆட்டம் முடிந்து அவள் எழுந்தாள். அக்கா கையைப் பிடித்துப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனாள். கதவைத் தாண்டியதும் அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். தகரச் சுவர். சத்தம் அந்தப் பக்கம் போய்விடும்.

அக்கா தண்ணீர் எடுக்கத் திரும்பினாள். பிறகு எடுக்கவில்லை. அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தாள். "என்னைத் தேடித்தானே அண்ணி போனார்" என்றாள். இத்தனை மாதமாக எங்கேயோ இறுகிக் கிடந்தது உடைந்து, மூச்சு முட்ட முட்ட வந்தது. அண்ணி தன் வாயிலிருந்து எடுத்த முந்தானையின் மறுமுனையை அவள் வாயில் வைத்து அழுத்தினாள்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெக்கானிக்கின் குரல் வந்தது.

"மச்சான் வந்துட்டானா?"

இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அக்கா முகத்தைத் துடைத்து, குரலைச் சரிசெய்துகொள்ளக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

"இன்னும் இல்லைங்க" என்றாள்.