சாவுச் செய்தி வகுப்பு

இறையியல் கல்லூரியின் கடைசி வருடத்தில் ஒரு பாடம் உண்டு, கண்ணுகளா. போதகர் ஒரு வீட்டுக்குப் போய்ச் சாவுச் செய்தி சொல்வது எப்படி என்று பழக வேண்டும். எதிரெதிரே இரண்டு நாற்காலி. ஒருவன் போதகர், ஒருவன் பறிகொடுத்தவன். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள்.

பறிகொடுத்தவன் வேஷம் எப்போதும் பபூன் என்று பட்டப்பெயர் வாங்கியவனுக்குத்தான். நினைத்த மாத்திரத்தில் கண்ணீரைக் குடம் குடமாய்க் கொட்டுவான். அவனுடைய அறைத்தோழன் ஒட்டகத்துக்கோ, போதகர் நாற்காலியில் உட்கார்ந்தாலே உண்மையான அழுகை வந்துவிடும். அதனாலேயே இரண்டு முறை தோற்றாயிற்று. இன்றும் தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

வகுப்பு வாசலில் பேராசிரியர் ஒட்டகத்தை ஓரங்கட்டினார்.

"பபூனோட அம்மா காலைல இறந்துட்டாங்க. ஆபீசுக்கு போன் வந்துச்சு. நீ போய்ச் சொல்லு."

"ஐயா... ரூமுக்குக் கூட்டிட்டுப் போய்ச் சொல்லிடறேனே."

"அப்போ நான் எப்படி மார்க் போடறது? நேராச் சொல்லணும். மழுப்பக் கூடாது. அழக் கூடாது."

ஒட்டகம் அறைப் பக்கம் திரும்பி ஓரடி வைத்தான். ஆனால் பெட்டி கண்முன் வந்து நின்றது. போய் உட்கார்ந்தான்.

"உங்க அம்மா இன்னிக்குக் காலைல இறந்துட்டாங்க."

பபூன் நெஞ்சில் அறைந்துகொண்டான். "ஐயோ போதகரே! நேத்துதானே போன்ல என்னை அந்தத் திட்டு திட்டினா!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"விளையாட்டு இல்ல. நிஜமாவே இறந்துட்டாங்க."

"அப்போ என் சட்டைக்கு இனிமே யாரு பட்டன் தைப்பா?" பபூன் தரையில் உருண்டான். சிநேகிதன் தேற வேண்டுமே என்று உயிரைக் கொடுத்து அழுதான். ஒட்டகம் உதட்டைக் கடித்துக்கொண்டு, கற்றுத்தந்தபடியே அவன் தோளில் கை வைத்தான். ஒரு சொட்டு விடவில்லை.

"பாஸ்," என்றார் பேராசிரியர். "இன்னிக்குத்தான்டா நீ போதகர் மாதிரி நடந்துக்கிட்டே."

வராந்தாவுக்கு வந்ததும் பபூன் முகத்தைத் துடைத்தபடி கண்ணடித்தான். "எப்படிடா? எங்க அம்மாவைக் கொன்னு உன்னைக் கரையேத்திட்டேன். இரு, அவகிட்டயே சொல்றேன். விழுந்து விழுந்து சிரிப்பா."

போனைக் காதில் வைத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஒட்டகம் வாயைத் திறந்தான். சொல்ல வேண்டிய சொற்களையெல்லாம் வகுப்பிலேயே செலவழித்துவிட்டிருந்தான். கண் மட்டும் நிரம்பி வழிந்தது.

"டேய், அதான் பாஸ் ஆயிட்டியே," என்றான் பபூன், போனைக் காதிலிருந்து எடுக்காமலே. "இப்ப எதுக்குடா அழறே?"